கோயிலுக்குள் தேயிலைப் பெட்டிகள்

வெள்ளிக்கிழமை வந்தால் செல்லையாவைப் பெட்டி அடைக்கிற அறைக்குள் விடமாட்டார்கள். அன்றைக்கு அவருக்கு விறகு அடுக்கும் வேலை. ஊசிமலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இது எழுதாத சட்டம். செல்லையா குற்றம் எதுவும் செய்துவிடவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் பூசாரி. விடியற்காலையில் அம்மனுக்குச் சூடம் காட்டி, சாம்பிராணி போட்டுவிட்டு வருகிற கையில் வாசம் ஒட்டியிருக்கும். தேயிலை இருக்கிறதே, அது பொல்லாத சாமான். பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் இழுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். மண்ணெண்ணெய்ப் பக்கத்தில் வைத்தால் மண்ணெண்ணெய், கருவாட்டுப் பக்கத்தில் வைத்தால் கருவாடு. அப்புறம் அதை எந்தச் சீமையிலும் விற்க முடியாது.

அதனால் செல்லையா தன் பிழைப்பையே இரண்டாகக் கிழித்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை நெற்றி நிறையத் திருநீறு. சனிக்கிழமை சாம்பலும் எலுமிச்சைத் தேசிக்காயும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, வெறும் நெற்றியோடு ஸ்டோருக்குப் போவார். நம்ம பூசாரி சனிக்கிழமையானால் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் ஆகிவிடுகிறார் என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கேலி செய்வார்கள். அவர் சிரிப்பார். ஆனால் உள்ளுக்குள் கையை மறுபடி ஒரு தரம் முகர்ந்து பார்க்கத் தோன்றும்.

பயம் அவரோடு கூடப் பிறந்தது. கோயிலைப் பூட்டிவிட்டு நாலடி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். சூடத்தை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் நாலு மிளகோடு போட்டு இறுக்க மூடி வைப்பார். மிளகு போடாமல் திறந்து கிடந்தால் சூடம் காற்றோடு கரைந்துவிடும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். செல்லையா மூடியது மட்டும் போதாதென்று டின்னைச் சுற்றி ஒரு துணியும் கட்டுவார்.

அவர் மனைவி வெள்ளையம்மா கொழுந்து பறிக்கிறவள். கலியாணம் ஆகி வெகுகாலம் பிள்ளையில்லை. அதே அம்மனுக்கு நேர்ந்து, தீ மிதித்து, கடைசியில் ஒரு பெண் பிறந்தது. இராஜகுமாரி என்று பெயர் வைத்தார்கள். லயத்து ஓரறைக் காம்பராவில் பிறந்த பிள்ளைக்கு இப்படி ஒரு பேரா என்று கங்காணி கேட்டாராம். அதற்கும் செல்லையா சிரித்தார்.

கொழும்புத் துறைமுகத்தை அவர் பார்த்ததே இல்லை. அவர் அடைத்த பெட்டிகள்தான் பார்த்திருந்தன. பலாங்கொடை லொறிக்காரர் அப்துல் ரஸாக் வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பெல்மதுளை, இரத்தினபுரி, அவிசாவளை என்று இறங்கிப் போவார். திரும்பி வரும்போது அதே லொறியில் மாவு மூட்டை, அரிசி, செத்தல் மிளகாய் எல்லாம் வரும். அவையும் கப்பலில் வந்தவைதான். மலையில் பறிப்பது கடலுக்குப் போகிறது, மலையில் சாப்பிடுவது கடலிலிருந்து வருகிறது, நடுவில் ஒரு லொறி. இந்த ஏற்பாட்டை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. மூச்சு விடுவதை யார் யோசிக்கிறார்கள்?

அறுபதுகளின் பின்பாதியில் ஒரு மழைக்காலத்தில் அந்த மூச்சு நின்றது. துறைமுகத்தில் வேலைநிறுத்தம் என்று ரஸாக்தான் முதலில் வந்து சொன்னார். கப்பல்கள் வெளியே வரிசையாக நிற்கின்றன, இறக்கவும் ஆளில்லை, ஏற்றவும் ஆளில்லை என்றார். நாலு நாளில் சரியாகிவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆகவில்லை. கொழும்பில் தேயிலை வைக்கும் கிட்டங்கிகள் நிரம்பி, இனி அனுப்ப வேண்டாம் என்று போன் வந்தது. ஆனால் துறைமுகம் நின்றதென்று செடி நிற்குமா? மழைக்குக் கொழுந்து மளமளவென்று வந்தது. ஸ்டோரின் மேல்மாடி நிரம்பியது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் கொட்டகை நிரம்பியது. பிள்ளைக் காம்பராவில் தொட்டில்களை அவிழ்த்துவிட்டுப் பெட்டி அடுக்கினார்கள். கைப்பிள்ளைகளைத் தாய்மார் முதுகில் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். பிறகு மலைக்குப் போவதும் குறைந்தது. வாரத்தில் பாதி நாள்தான் வேலை. அரிசிக் காம்பராவில் மாவு பாதியாக அளந்தார்கள்.

இனிப் பெட்டி வைக்க நனையாத இடம் ஒன்றுதான் மிச்சம். கோயில் மண்டபம். புதுத் தகரம் போட்டு, தரைக்குச் சிமெந்து பூசி, தோட்டத்திலேயே நல்ல கூரை அம்மனுக்குத்தான் இருந்தது. பெரிய துரை கேட்டார். தொழிலாளர் சங்கத்தின் தோட்டத் தலைவர் நாகலிங்கம் யோசித்தார். தேயிலை நனைந்து கெட்டால் இருக்கிற அரை வேலையும் போய்விடும். அவர் சரி என்றார். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ரத்நாயக்க ஐயா மட்டும் செல்லையாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“செல்லையா, ஒனக்கு நான் சொல்லத் தேவையில்ல. சூடம், சாம்பிராணி, ஊதுபத்தி, எண்ணெ விளக்கு ஒண்ணும் கூடாது. மொகத கரன்னே, என்ன செய்ய, வேற எடம் இல்லியே. சாவி ஒங்கிட்டதான் இருக்கும்.”

செல்லையா தலையாட்டினார். தேயிலையும் சூடமும் சந்திக்காமல் இருப்பதற்காகவே வாழ்நாளைக் கழித்தவர் அவர். இப்போது இரண்டையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்து சாவியை அவர் மடியில் கட்டிவிட்டார்கள். அம்மனுக்குத் தெரியாதா, கொஞ்ச நாள்தானே என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

தரையைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, விட்டத்தில் படிந்த புகைக்கரியைச் சுரண்டி, கதவைத் திறந்து காற்றோட விட்டார்கள். டீமேக்கர் ஐயாவே வந்து மூலை மூலையாக முகர்ந்து பார்த்தார். பிறகு பெட்டிகள் வந்தன. கருவறை வாசல் வரைக்கும், அம்மன் கழுத்து உயரத்துக்கு. வாசலில் நின்று பார்த்தால் தோட்டத்துப் பெயர் அச்சடித்த பலகைகளுக்கு மேலே அம்மன் முகம் மட்டும் தெரிந்தது. செல்லையா சூட டின்னை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். காலையில் தண்ணீர் தெளித்து, வாசமில்லாத செவ்வரத்தம்பூ ஒன்று வைத்துவிட்டு வெளியே வந்து பூட்டினார். மல்லிகை வைக்கக்கூட அவருக்குப் பயம்.

வெள்ளிக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன. சூடம் இல்லாத அம்மன் என்ன அம்மன் என்று லயத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. யாரும் துரையிடம் போய்ச் சொல்லவில்லை. செல்லையா தண்ணீர் எடுக்கப் பீலிக்கரைக்குப் போனால் பேச்சு நின்றது. துறைமுகம் திறந்ததா என்று அவர் ரஸாக்கைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டார். சமயத்தில் பலாங்கொடை பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டார். கடலைப் பார்த்தறியாத மனிதருக்குக் கனவில்கூடக் கப்பல்தான் வந்தது. அந்தக் கப்பல் நகரவே நகராது.

அப்போதுதான் கீழே பணிய லயத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டது. மணல்வாரி. அடுத்தது நடு லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு. அம்மா கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டாள் என்று எல்லாரும் வெளிப்படையாகவே சொன்னார்கள். அரை வயிற்றுப் பிள்ளைகள், மழைக்குளிர், ஒழுகும் காம்பரா, அம்மை வராமல் என்ன செய்யும்? அதை யாரும் சொல்லவில்லை. செல்லையாவும் அப்படி நினைக்கவில்லை. தன் மடியில் கிடக்கும் சாவிதான் அத்தனைக்கும் காரணம் என்று அவர் நம்பினார்.

பிறகு இராஜகுமாரிக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் முகமெல்லாம் சிவப்பாகப் பொரிந்தது. தோட்டத்து மருந்துக்காரர் வந்து பார்த்துத் தண்ணி மருந்து கொடுத்தார். அம்மை விளையாடுகிற வீட்டில் மருந்து கூடாது என்று பக்கத்துக் காம்பராக்காரிகள் சொன்னார்கள். வெள்ளையம்மா வேப்பிலையும் கட்டினாள், மருந்தும் கொடுத்தாள். காய்ச்சல் இறங்கவில்லை. பிள்ளைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அன்று சாயங்காலம் வெள்ளையம்மா டின்னைத் திறந்து, திருவிழாவுக்கென்று வாங்கி வைத்திருந்த பெரிய கட்டிச் சூடத்தை எடுத்தாள். உள்ளங்கை நிறைகிற கட்டி அது. பேப்பர்த் துண்டில் மடித்து அவர் கையில் வைத்தாள்.

“போயிக் காட்டிட்டு வாங்க. ஒரு தடவதான். யாருக்குத் தெரியப் போவுது?”

செல்லையா எழுந்து போனார். கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். இரண்டு பக்கமும் பெட்டிகள். நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் போகிற சந்து. பெட்டிக்குள் ஈயத்தாள் இருக்கிறது, ஆனால் மூலை ஒட்டில் காற்றுப் போகும் என்று அவருக்குத் தெரியும். தன் கையால் அடைத்த பெட்டிகள்தானே! தோட்டத்தின் இந்த மழைக்காலம் முழுக்க இந்த மண்டபத்தில் இருக்கிறது. இது கெட்டால் துரை வேலையை நிறுத்துவார். அத்தனை லயத்துப் பிள்ளைகளும் பாதி மாவும் இல்லாமல் கிடக்கும். தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்தார். திருப்பி உள்ளே வைத்தார். மறுபடி எடுத்தார். அழுகை வந்தது, சத்தம் வராமல் அழுதார். கடைசியில் பேப்பரோடு சூடத்தை அம்மன் காலடியில் வைத்தார்.

“இது ஒனக்குத்தான் தாயே. கப்பல் ஓடட்டும், ஏத்திக் காட்டுறேன். அதுவரைக்கும் எம்பிள்ளய வச்சிரு.”

பூட்டினார். நாலடி போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் வெள்ளையம்மா, காட்டினீங்களா என்று கேட்டாள். பிள்ளையின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் இன்னொரு தரம் கேட்கவில்லை.

மறுநாள் காலை பிள்ளைக்கு நெஞ்சு அடைத்தது. ரஸாக் தன் வெறும் லொறியில் ஏற்றிப் பலாங்கொடை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். போகிற வழியெல்லாம் தாயின் மடியில் கிடந்து இராஜகுமாரி தண்ணீர் கேட்டது. ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது, பிள்ளைதான் தங்கவில்லை. அதே லொறியில் திரும்பி வந்தார்கள்.

சாவு விழுந்த வீட்டுக்காரர் தீட்டுக் கழியும்வரை கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. செல்லையா சாவியை நாகலிங்கத்திடம் கொடுத்துவிட்டார். வேலைநிறுத்தம் முடிந்தது என்று செய்தி வந்தபோது அவர் வாசலில் குந்தியிருந்தார். லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இறங்கின. லயமே சந்தோஷப்பட்டது. எத்தனையோ நாள் அவர் காத்திருந்த செய்தி அது. கொஞ்சம் முன்னே வந்திருக்கக் கூடாதா என்று கேட்க அவருக்கு ஆளில்லை. வெள்ளையம்மா அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். சோறு போட்டு வைப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். அழும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். சண்டை போட்டிருந்தாலாவது அவர் தாங்கியிருப்பார்.

அப்படியிருக்கும்போது ஒரு காலையில் பெரிய துரையே பெரட்டுக்களத்துக்கு வந்தார். பின்னால் டீமேக்கர் ஐயா, முகம் வெளுத்துப்போய் நின்றார். பெண்கள் கூடையோடு ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். அன்றைக்குப் பெட்டி ஏற்ற வந்திருந்த ரஸாக்கும் லொறியில் சாய்ந்து நின்றார். கொழும்பில் ருசி பார்க்கிறவர்கள் ஊசிமலைத் தேயிலையைக் கீழே துப்பிவிட்டார்களாம். கோயிலில் இருந்த பெட்டிகளில் ஒரு பகுதி முழுக்கச் சூட வாசம். வாங்க ஆளில்லை, கப்பலில் ஏற்றவும் வழியில்லை. நல்ல பெட்டிகளையும் இப்போது சந்தேகத்தோடு பார்க்கிறார்களாம். சாவி யாரிடம் இருந்தது, யார் கொளுத்தினது என்று துரை கேட்டார்.

எல்லாக் கண்ணும் செல்லையா மேல் திரும்பியது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தீக்குச்சியைக்கூட உரசவில்லையே! வாசம் எங்கிருந்து வந்தது? இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ரஸாக் முன்னால் வந்தார்.

“தொர, அது பழைய கோயிலுங்க. சொவத்துல ஊறின வாசமா இருக்கும். செல்லையாண்ணன் அப்பிடிச் செய்ற ஆளில்ல. நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்.”

துரை டீமேக்கரைப் பார்த்தார். அது ஒரு வழிதான். செல்லையா தலையை ஆட்டினால் போதும், அவர் வேலை அவரிடமே இருக்கும். தலையை நிமிர்த்தினார். பெண்கள் வரிசையில் வெள்ளையம்மா நின்றாள். பிள்ளை போன நாளிலிருந்து அவரைப் பார்க்காத கண்கள் இப்போது நேராக அவரைப் பார்த்தன. அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அன்று சாயங்காலம் கேட்ட அதே கேள்வி இருந்தது, அதற்குள் கெஞ்சல் இருந்தது. அவள் என்ன நினைக்கிறாள் என்பது செல்லையாவுக்கு அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று.

“நாந்தாங்க தொர,” என்றார். “பிள்ளைக்கு முடியாமப் போச்சு. ஒரு தடவ சூடம் காட்டினேன்.”

ரஸாக், அண்ணே என்று தோளைத் தொட்டார். செல்லையா அவர் பக்கம் திரும்பவில்லை. துரைக்கு ஆள் கிடைத்துவிட்டது. கோயிலுக்குள் பெட்டி வைக்கச் சொன்னது யார் என்ற கேள்வியை இனி யாரும் கேட்கப்போவதில்லை. டீமேக்கர் ஐயாவுக்கும் முகத்தில் இரத்தம் திரும்பியது. சாகக் கிடந்த பிள்ளைக்காகச் செய்தவர் என்று நாகலிங்கம் கெஞ்சி மன்றாடியதில் தோட்டத்தை விட்டு விரட்டவில்லை. ஸ்டோர் வேலை மட்டும் போயிற்று. புல்லு வெட்டப் போகச் சொன்னார்கள்.

அன்று மத்தியானம் வெள்ளையம்மா சோற்றை வைத்துவிட்டுப் போகாமல் எதிரே உட்கார்ந்தாள்.

“அன்னைக்குக் கேட்டேனே, ஏன் சொல்லல?”

“வெளிய தெரிஞ்சா வேல போயிரும்னு பயந்தேன்.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நம்மால் ஆனதைச் செய்தோம், அம்மன்தான் எடுத்துக்கொண்டாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் அவள் தலையைத் தடவினார். பொய் சொல்லிவிட்டோமே என்ற பயம் ஒரு பக்கம். அம்மன் பேரில் சொன்ன பொய், நாளைக்கு அது எப்படித் திரும்பி வருமோ! ஆனாலும் அவள் பேசுகிறாள். சோறு தொண்டைக்குள் இறங்கிற்று.

பிற்காலத்தில் தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது, துரைமார் மாறினார்கள், எழுபதுகளின் பஞ்சத்தில் மறுபடியும் கப்பலைப் பார்த்து வயிறு காய்ந்தது. செல்லையா எல்லா நாளும் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு மலைக்குப் போனார். பெட்டி அடைக்கிற அறைப் பக்கம் பிறகு போகவேயில்லை. ஆனால் தீட்டுக் கழிந்த முதல் வெள்ளிக்கிழமையைச் சொல்லாமல் விட முடியாது.

அன்று விடியலில் இருவரும் போனார்கள். பெட்டிகளை எடுத்தபிறகு பூசை இல்லாமல் பூட்டியே கிடந்த கோயில். வெள்ளையம்மா வாசலைக் கூட்டினாள். செல்லையா உள்ளே போனார். அம்மன் காலடியில் அந்தப் பேப்பர் மடிப்பு, அவர் வைத்தது வைத்தபடியே இருந்தது. பெட்டி எடுத்தவர்கள் கருவறைக்குள் நுழையவில்லை. கப்பல் ஓடியாயிற்று, வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று அதைக் கையில் எடுத்தார். கனமே இல்லை. பிரித்தார். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் பேப்பர், அதில் ஒரு வெளிறிய வட்டம், குப்பென்று சூட வாசம்.

செல்லையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மிளகு இல்லை, டின் இல்லை, மூடி இல்லை. வாழ்நாள் முழுக்கத் துணி சுற்றி மூடி வைத்தவர் அன்றைக்கு ஒரு பேப்பர்த் துண்டில் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நெருப்பே இல்லாமல் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கிட்ட இருந்த பெட்டிகளுக்குள் போய், கொழும்பு வரைக்கும் போயிருக்கிறது. அப்படியானால் துரையிடம் சொன்னது பொய்யில்லை. தோட்டத்துத் தேயிலையைக் கெடுத்தது அவர்தான். அப்புறம் இன்னொன்று மனதில் பட்டது. தேயிலைக்குப் போய்ச் சேர்ந்த வாசம் அம்மனுக்கும்தானே போய்ச் சேர்ந்திருக்கும்? எப்போது? பிள்ளை மூச்சு இழுத்துக்கொண்டிருந்த அந்த ஒரு ராத்திரிக்குள்ளா, போன பிறகா? அம்மன் முகத்தைப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு நடுவில் அது எப்போதும்போல் இருந்தது.

“என்ன தேடுறீங்க?” என்று வாசலிலிருந்து வெள்ளையம்மா கேட்டாள்.

பேப்பரை மடித்து மடியில் செருகிக்கொண்டார். ஒன்றுமில்லை, சூடத்தைக் கொண்டா என்றார். அவள் துணி சுற்றிய டின்னோடு உள்ளே வந்தாள்.

“மொளகு போட்டுத்தான் வச்சிருந்தேன்,” என்றாள். “கரையாம இருக்கு.”

அவர் அதை வாங்கி, தட்டில் வைத்து, குச்சியை உரசினார்.